பிஎஸ்5-இல் ஆன்லைன் ஆட மாதாமாதம் காசு கட்டியே ஆக வேண்டுமா?

செந்தூலில் பையனுக்குப் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கருவி வாங்கிக் கொடுத்த அண்ணன் கேட்டிருக்கிறார். எந்த கேம் என்பதைப் பொறுத்தது அண்ணே.

ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களை ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற கட்டணச் சந்தா தேவையில்லை. நண்பர்களோடு பேசவும் காசில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய கால்பந்து கேமில் நண்பனோடு ஆன்லைனில் மோத வேண்டுமென்றால் பெரும்பாலும் சந்தா வேண்டும். டிஸ்க்குக்கு ஒரு காசு, அதை ஆன்லைனில் ஆட இன்னொரு காசு! பிஎஸ்3 காலத்தில் இது இலவசம். 2013-இல் பிஎஸ்4 வந்தபோதுதான் கட்டணமானது. போட்டிக் கருவியான எக்ஸ்பாக்ஸ் 2002-இலேயே காசு வாங்கத் தொடங்கிவிட்டது. இலவச கேம்களுக்கு மட்டும் 2021-இல் விலக்கு கொடுத்தது.

சந்தாவோடு மாதாமாதம் கேம்களும் கிடைக்கும். அவை நமக்குச் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். என் அக்கா மகன் இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தான். சந்தா முடிந்த மறுநாள், ஒவ்வொரு கேமின் படத்திலும் குட்டிப் பூட்டு. மறுபடி கட்டினால் திறக்கும், அவ்வளவுதான். கேமில் சேமித்ததை பிஎஸ்5-இல் கிளவுடில் (இணையச் சேமிப்பில்) ஏற்றவும் சந்தா வேண்டும். எக்ஸ்பாக்ஸில் அது சும்மாவே கிடைக்கிறது.

அப்புறம், பிளேஸ்டேஷன் கணக்கில் காசு ஏற்றும் கார்டு வாங்கும்போது கவனம். கணக்கு மலேசியக் கணக்கென்றால் மலேசிய கார்டுதான் ஏறும், சிங்கப்பூர் கார்டு ஏறாது.

பையன் ஃபோர்ட்நைட் மட்டும் ஆடுகிறானா? ரிங்கிட்டைப் பையிலேயே வையுங்கள். கால்பந்து கேட்டால், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.