கணக்கில் கெட்டியான ஏழு வயதுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வுகளால் இன்னும் பயன் உண்டா?

"மொரீசியஸில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. ஐந்தாம் வகுப்புக் கணக்கை மனக்கணக்காகவே போடுகிறான். பள்ளித் தேர்வில் எப்போதும் முழு மதிப்பெண். தரப்படுத்தப்பட்ட தேர்வுகளால் இவனுக்கு இனி ஏதாவது பயன் உண்டா, வீண் சுமைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் இதே கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்தவள் நான்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஓரளவு யூகிக்க முடிகிறது. வீட்டுப் பெரியவர்கள் "இப்போதே லெசோனில் (தனி டியூஷனில்) சேர்த்துவிடு" என்கிறார்கள். பள்ளியில் "நன்றாகப் படிக்கிறான், கவலையே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தொடக்கப் பள்ளி முடிவில், ஆறாம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. பொதுத்தேர்வைச் சொல்லி யாரோ இப்போதே பயமுறுத்துகிறார்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. 2007-இல் கல்யாணமாகி மொரீசியஸில் உள்ள ரோஸ் ஹில்லுக்கு வந்தேன். மகள் 2010-இல் பிறந்தாள். ஐந்து வயதில் ஒரு நாள் 25 ரூபாய் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு "அம்மா, இது என்ன எழுத்து?" என்று கேட்டாள். இந்த நாட்டு நோட்டுகளில் தமிழ் எண்கள் இருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒன்று முதல் பத்து வரை எழுதிக் காட்டினேன். ராத்திரி சாப்பாட்டுக்குள் தமிழ் எண்களிலேயே கூட்டல் கழித்தல் போட ஆரம்பித்துவிட்டாள். பெருமையடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த ராத்திரி எனக்கு வந்தது பயம். இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

2018-இல் மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு தவணையும் கணக்கில் நூற்றுக்கு நூறு. எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சனிக்கிழமை காலை லெசோன். ஒரு வீட்டு கராஜில் முப்பது பிள்ளைகள், ஆளுக்கொரு தாள். இவள் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். முடித்தால் "இதையே இன்னொரு தரம் அழகாக எழுது" என்று அதே தாளைத் திருப்பிக் கொடுப்பார்களாம். சில மாதம் கழித்து வீட்டில் ஐந்து கணக்குக்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "சீக்கிரம் முடித்தால் மறுபடியும் எழுதச் சொல்வார்கள் அம்மா" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை மெதுவாக இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அத்தோடு லெசோனை நிறுத்தினோம். மாமியாரிடம் "அத்தை, இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்" என்று சொன்னேன். அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதே கிடையாது.

நூற்றுக்கு நூறு என்பதில் எந்தத் தகவலும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றடி அளவுகோலை வைத்து ஐந்தடி உயரத்தை அளந்தால் மூன்றடி என்றுதான் காட்டும். அவள் எங்கே நிற்கிறாள் என்று அந்தத் தாள் சொல்லவே இல்லை.

கடையில் பழைய சி.பி.இ. வினாத்தாள் தொகுப்புகள் கிடைத்தன. 2017-இல் பி.எஸ்.ஏ.சி. வருவதற்கு முன் ஆறாம் வகுப்பில் இருந்த தேர்வு அது. தயார் எதுவும் செய்யாமல் ஒரு தாளைக் கொடுத்தேன். 71 வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கில் தப்பு. அழுவாள் என்று பார்த்தேன். தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. தப்பான ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கணக்கை மட்டும் தொடவே இல்லை. கடைக்காரரிடம் பணம் கொடுத்தால் எவ்வளவு 'சேஞ்ச்' கிடைக்கும் என்பது கேள்வி. அவளுக்குச் சேஞ்ச் என்றால் மாற்றம். கடையில் மீதிச் சில்லறையை 'மொனே' என்று கேட்டுத்தான் பழக்கம். நம் பிள்ளைகள் தெருவில் கிரியோல், டிவியில் பிரெஞ்சு, வீட்டில் முடிந்தால் தமிழ், கணக்குத் தாளில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். அந்தத் தாள் அந்த இடத்தில் அளந்தது அவளுடைய ஆங்கிலத்தை. உங்கள் மகன் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால், கேள்வியை உங்கள் வாயால் தமிழிலோ கிரியோலிலோ ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். பாதித் தப்புகள் அங்கேயே மறைந்துவிடும்.

பத்து வயதில், பதினாறு வயதுவாக்கில் எழுதும் கேம்பிரிட்ஜ் ஓ லெவல் கணிதம், சிலபஸ் டி, முதல் தாளைக் கொடுத்தேன். கால்குலேட்டர் கிடையாது, அப்போது மொத்தம் 80 மதிப்பெண். 38 வாங்கினாள். எண்கள், அடுக்குகள், எண் தொடர் எல்லாம் சரி. வெக்டர், கணக் குறியீடுகள் எதுவும் தெரியாது, யாரும் சொல்லித்தரவில்லை. அந்த 38-தான் அடுத்த ஒரு வருஷத்துக்கு என்ன சொல்லித்தரலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது. அத்தனை நூறுகளும் சேர்ந்து காட்டாத வழி அது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971-இலேயே இதை ஆராயத் தொடங்கிவிட்டார். கல்லூரியில் சேர 17, 18 வயதில் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். சொந்த வகுப்புத் தேர்வில் எல்லோரும் உச்சியில் முட்டிக்கொண்டு ஒரே மாதிரி தெரிந்தவர்கள், இதில் 400, 550, 700 என்று தனித்தனியாகத் தெரிந்தார்கள். 13 வயதுக்குள் கணிதப் பகுதியில் 800-க்கு 700 எடுப்பவர் பத்தாயிரத்தில் ஒருவர் என்று கணக்கிட்டார்கள். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கணித மேதையான டெரன்ஸ் டாவ் எட்டு வயதில் 760 எடுத்தவர். என் மகள் அந்த ரகம் என்று சொல்லவரவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். உயரமான அளவுகோல் வேண்டும் என்பது அந்த ரகத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கும் பொருந்தும் என்றுதான் சொல்கிறேன்.

"ராமானுஜன் பரீட்சையில் தேறினாரா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவர் அவர். பிறகு கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்ததும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடைபோடும் தேர்வு, ஒரே பாடத்தில் மலைபோல் நிற்கும் பிள்ளையைக் காட்டாது. அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பணமும் செல்வாக்கும் இல்லாத எங்களைப் போன்ற குடும்பத்துக்கு, "என் பிள்ளைக்கு இது போதவில்லை" என்று பள்ளியில் போய்ச் சொல்ல, கையில் ஒரு தாள் வேண்டும். வெறும் வாய்ப்பேச்சை யார் கேட்பார்கள்? அந்த 38-ஐக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டார்.

பி.எஸ்.ஏ.சி.யை என்ன செய்வது என்றால், எழுதித்தான் ஆகவேண்டும். எழுதட்டும். அதற்காக மூன்று வருஷம் லெசோன் வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒருவர் கூப்பிட்டு, "கணக்கில் இவ்வளவு கெட்டி, தமிழ் விருப்பப் பாடம்தானே, அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கலாமே" என்றார். சொன்னவரும் தமிழ்க் குடும்பம்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறோம், அரசாங்கமே அன்று விடுமுறை விடுகிறது. பிள்ளைக்கு வாரத்தில் சில மணி நேரம் தமிழ் இருந்தால் மட்டும் கணக்கு குறைந்துவிடுமா? என் மகள் எண்ணையே தமிழில்தான் முதலில் நேசித்தாள். அன்றைக்குச் சரியான பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது. தமிழை விடவில்லை. இப்போது காலேஜிலும் (இங்கே உயர்நிலைப் பள்ளியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) தமிழ் எடுத்திருக்கிறாள்.

உங்கள் மகனுக்கு இரண்டு வகுப்பு மேலே உள்ள தாள் ஒன்றை எடுங்கள். கடிகாரம் வைக்காதீர்கள், முன்கூட்டியே பழக்கவும் வேண்டாம். பாதிக்கு மேல் சரியாக வந்தால் இன்னும் மேலே போங்கள். பாதியில் நின்றால் அதுதான் அவனுடைய இடம், அங்கிருந்து ஆரம்பியுங்கள். அழுதால் தாளை மூடிவைத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். என்னிடம் மகள் எழுதாமல் விட்ட பழைய சி.பி.இ. தாள்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. ரோஸ் ஹில் பக்கம் வருவதாக இருந்தால் எழுதுங்கள், எடுத்துவைக்கிறேன்.