பேச்சால் குடியை நிறுத்த முடியுமா?

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்துவந்தவர், இப்போது தாமாகவே நிறுத்த முன்வந்திருக்கிறார். மனநல மருத்துவர் அவரை உள்நோயாளியாகச் சேர்க்காமல், மாத்திரை கொடுத்து, வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் வந்து பேசச் சொல்கிறார். நாங்கள் சொல்லாத புத்திமதியையா அவர் சொல்லிவிடப் போகிறார்? சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்று இருக்கிறதாமே?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: புத்திமதியால் பயனில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்; குடி கெடுதல் என்பது குடிப்பவருக்கும் தெரியும். ஆலோசகர் தருவது புத்திமதி அல்ல, பழக்கத்தை மாற்றப் பயிற்றும் நடத்தை சிகிச்சை; அது கணக்கெடுப்பிலிருந்து தொடங்குகிறது. எந்த நாளில், யாருடன், என்ன மனநிலையில் குடிக்கத் தோன்றியது என்பதை அவரே நோட்டில் எழுதிவர வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் கணக்கு சனிக்கிழமை மாலையில் வந்து நின்றால் வியப்பில்லை: கையில் வாரச் சம்பளம், பக்கத்தில் உடன் வேலை செய்பவர்கள், போகும் வழியில் டாஸ்மாக் கடை. அந்த ஒரு மாலையை மட்டும் எடுத்துக்கொண்டு, பணத்தை யாரிடம் ஒப்படைப்பது, எந்தத் தெரு வழியாகத் திரும்புவது, பசியோடு கிளம்பாமல் என்ன சாப்பிடுவது என்று ஆலோசகரும் உங்கள் கணவரும் முடிவு செய்வார்கள். ஆலோசகரே நண்பராக நடித்து அழைக்க, மறுப்பதை உங்கள் கணவர் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவார். "மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சாக்குச் சொன்னால், "எப்போது முடியும்?" என்று நண்பர் கேட்பார்; "வேண்டாம், விட்டுவிட்டேன்" என்றால் பேச்சு அங்கேயே முடியும். குடிக்கும் வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடுமாதலால், அந்த நேரத்தைக் கடத்தும் வழிகளும் பயிற்சியில் அடங்கும்.

இடையில் ஒரு நாள் அவர் குடித்துவிடவும் கூடும். "எல்லாம் போயிற்று" என்ற எண்ணமே மறுநாளும் குடிக்கவைக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களில் விளக்கினார். ஆகவே அன்று சண்டையைத் தள்ளிவைத்து, அடுத்த சந்திப்புக்கு அவரை அனுப்பிவையுங்கள். முடிந்தால் உடன் செல்லுங்கள்.

அமெரிக்காவில் 1,726 பேரிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான 'புராஜெக்ட் மேட்ச்' ஆய்வில், 12 வாரங்களில் 12 முறை சந்திக்கும் இரண்டு சிகிச்சைகளுக்கும், 4 முறை மட்டுமே சந்திக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. மூன்றிலும் குடி வெகுவாகக் குறைந்தது. சிறந்த முறையைத் தேடி மையம் மையமாக அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

சாப்பாட்டில் கலக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இவ்வாறு தரப்படுவது பெரும்பாலும், குடித்தால் உடலை வருத்தும் டைசல்பிரம் என்ற மருந்து. அதை உட்கொண்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அவருடைய சம்மதத்தோடு, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே அதைத் தர வேண்டும்.

குடியை நிறுத்திய முதல் நான்கைந்து நாட்களில் வலிப்போ, கடுமையான நடுக்கமோ, இல்லாத உருவங்கள் தெரிவதோ, மனக்குழப்பமோ ஏற்பட்டால், வாரச் சந்திப்புக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்பு எப்போதாவது அவருக்கு அப்படி நேர்ந்திருந்தால் அதை இப்போதே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். உள்நோயாளியாகச் சேர்க்கும் முடிவு அதைப் பொறுத்து மாறக்கூடும்.