வாசகர் கேள்வி – பதில்: கூரைக் கம்பமும் ஆட்டக்களமும்

மார்த்தாண்டத்தில் ஒரு பழைய இரும்புக் கடையின் வாசலில், தொலைக்காட்சி ஆன்டெனாக்கள் அலுமினியக் குச்சிகளாக முறிக்கப்பட்டு எடைக்குக் கட்டி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு, சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வழக்கத்தைவிட மிகுதியான கடிதங்கள் வந்துள்ளன. ஏறக்குறைய எல்லாமே விளையாட்டு ஒளிபரப்பைப் பற்றியவை என்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரையில் ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தன. ஒன்று திருவனந்தபுரத்தை நோக்கியும் மற்றொன்று இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினிக்காகத் தென்கிழக்கு நோக்கியும் நின்றன. கடல் கடந்து இலங்கை தெரிந்தது. நம் தலைநகரான சென்னை தெரியவே இல்லை. இது எப்படி?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலை நின்றால் தடைபடும். பூமியின் வளைவுக்கு அப்பாலும் எளிதில் செல்லா. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிவிட்டது என்றாலும், அதற்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவு அந்த அலைகளால் தாண்ட முடியாதது. ரூபவாஹினியோ 1982 பிப்ரவரியில் தொடங்கியபோதே, இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், தன் கோபுரத்தை நிறுத்தியிருந்தது. அங்கிருந்து நம் கரை வரை இடையில் பெரும்பாலும் கடல்தான். காற்று அடங்கிய இரவுகளில் கடலின் மேல் படியும் வெவ்வேறு வெப்பமுள்ள காற்றடுக்குகள் அலைகளைக் குழாய்க்குள் நீரைக் கொண்டுசெல்வதுபோல் நெடுந்தொலைவு கொண்டுசெல்லும். மாசி, பங்குனி மாதங்களில் உங்கள் வீட்டில் படம் கண்ணாடிபோல் தெரிந்திருக்கும். ஆனி பிறந்து காற்று வீசத் தொடங்கியதும் திரை முழுக்கப் புள்ளிகள் பறந்திருக்கும். அது ஆன்டெனாவின் கோளாறு என்று எண்ணி எத்தனை பேர் மழையில் ஏணி ஏறினோம்!

திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை, 1985 ஜனவரி முதல் தேதி அங்கே மலையாள நிகழ்ச்சிகளின் தயாரிப்பு தொடங்கியது. கேரள எல்லைக்கு இப்பாலிருந்த நாம் மலையாளச் செய்தி, தில்லியின் இந்தி வருணனை, இலங்கையின் சிங்கள வருணனை ஆகிய மூன்றையும் கேட்டு, ஆட்டத்தைத் தமிழில் புரிந்துகொண்ட மக்கள். தமிழ் வருணனை வேண்டுமென்றால் வானொலிதான் கதி. சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் டிரான்சிஸ்டரை வைத்துச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலைக் கேட்ட வீடுகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு.

கேள்வி: பி.டி.உஷாவின் ஓட்டத்தைத் தெருவே கூடி நின்று பார்த்த தலைமுறை நாங்கள். இன்று என் பேரனிடம் விளையாட்டுக்கென்றே பத்துப் பதினைந்து சேனல்கள் இருக்கின்றன. ஆனால் அவன் கிரிக்கெட்டையும் ஐரோப்பியக் கால்பந்தையும் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அதையும் தனியாகவே பார்க்கிறான். நாங்கள்தான் பழைமையில் மயங்கிக் கிடக்கிறோமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, குழித்துறை

பதில்: மயக்கம் என்று நான் சொல்லமாட்டேன், டீச்சர். நீங்கள் இழந்தது உண்மையான ஒன்று.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42 விநாடியில் ஓடி முடித்தார். ருமேனியாவின் கொஜோகாரு 55.41 விநாடியில் வெண்கலத்தை எடுத்துக்கொண்டார். ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை நம் ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் நின்று விவாதித்தார்கள். அவர்களில் யாரும் தடகளத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்து பார்த்தவர்கள் அல்லர். இருந்தது ஒரே அலைவரிசை. அதில் அன்று ஓட்டம் வந்தது. வந்ததைப் பார்த்தார்கள், பார்த்ததில் மனத்தைக் கொடுத்தார்கள். என் தாயார் மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டே விம்பிள்டன் பார்த்தவர். போரிஸ் பெக்கர் பந்துக்காகப் பாய்ந்து விழும்போதெல்லாம், “அந்தச் செம்பட்டை முடிப் பிள்ளைக்கு முட்டு உடைஞ்சு போகுமே” என்று பதறுவார். டென்னிஸில் புள்ளிக் கணக்கு ஏன் 15, 30, 40 என்று போகிறது என்பதை எங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டவரும் அவர்தான். விருப்பத்துக்கேற்ற சேனல்கள் பெருகிய பிறகு, விரும்பாத ஒன்றின் மேல் எதிர்பாராமல் அன்பு வைக்கும் வாய்ப்பு சுருங்கிவிட்டது. உங்கள் பேரன் இழந்திருப்பது அதைத்தான்.

கூடிப் பார்த்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 1986 உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் ஜூன் 29 அன்று மெக்சிகோவில் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கியது. நமக்கு அது இரவு 11.30 மணி. ஆனி மாதத்துக் கடல் கொந்தளித்துக் கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்த நாட்கள். தூத்தூர்ப் பக்கம் என் நண்பனின் ஊரில், கோயில் வளாகத்தை ஒட்டிய கட்டடத்தின் சன்னலில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றைத் திருப்பி வைத்திருந்தார்கள். வெளியே தார்ப்பாயின் கீழ் நின்ற கூட்டத்துக்கு அளவில்லை. தார்ப்பாயின் நடுவில் மழைநீர் தேங்கித் தொங்க, ஒருவர் துடுப்பால் அதைக் கீழிருந்து குத்தித் தள்ள, ஓரத்தில் நின்றவர்கள் நனைந்தார்கள். ஆனால் யாரும் நகரவில்லை.

காற்றில் கம்பம் திரும்பிக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்து நிறுத்துவதற்காகக் கூரையில் ஏறியவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு மீனவர். ஊரே அவரை அண்ணன் என்றுதான் அழைத்தது. “தெரியுதா மக்களே?” என்று மேலிருந்து கேட்பார், “கொஞ்சம் வடக்க திருப்புங்க அண்ணே, போதும், விட்டுராதீங்க!” என்று கீழிருந்து குரல் கொடுப்பார்கள். அர்ஜென்டினாவின் இரண்டு கோல் முன்னிலையை மேற்கு ஜெர்மனி சமன் செய்தபோதும் அவர் அங்கேயே நின்றார். மரடோனா தள்ளிவிட்ட பந்தை வாங்கிக்கொண்டு புருச்சாகா ஓடி, மூன்றாவது கோலை அடித்தபோது எழுந்த கூச்சலைக் கேட்டுத்தான் அர்ஜென்டினா வென்றது அவருக்குத் தெரிந்தது. இறங்கி வந்ததும் முதலில், “எந்தக் காலால அடிச்சான்?” என்று கேட்டார். பத்துப் பேர் பத்து விதமாக நடித்துக் காட்டினார்கள். ஆட்டத்தின் ஒரு காட்சியையும் காணாத அவர், விடியும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடற்கரையிலும், எல்லைக்கு அப்பால் பொழியூரிலும் கால்பந்து அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. சந்தோஷ் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய மண் அது. ஆனால் தான் ஆடும் ஆட்டத்தை உலகம் எப்படி ஆடுகிறது என்று அந்த மணல்திட்டுப் பிள்ளைகள் கண்டது, மாதச் சந்தா எதுவும் கேட்காத அந்த ஒற்றைக் கம்பத்தின் வழியாகத்தான்.

கேள்வி: தூர்தர்ஷனை இவ்வளவு புகழ வேண்டுமா? முக்கியமான ஓவரில் செய்தி வாசிக்கப் போய்விடுவார்கள். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.
– வாசகர், செங்கோட்டை

பதில்: நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. போட்டியில்லாத நிறுவனத்துக்குரிய அலட்சியம் அதில் இருந்தது. எந்த ஆட்டத்தைக் காட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை தில்லியில் யாரோ முடிவு செய்தார்கள். மேலும், அன்று பார்க்கத் தவறியது பல சமயம் என்றென்றைக்கும் தவறியதாகவே போனது. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் 17 ரன்னுக்கு 5 விக்கெட் என்ற நிலையிலிருந்து கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 எடுத்ததற்கு ஒளிப்பதிவே கிடையாது. அதற்குத் தூர்தர்ஷன் பொறுப்பல்ல என்றாலும், அக்காலத்து ஒளிபரப்பின் எல்லையை அது காட்டுகிறது. காட்சித் தெளிவிலும் கேமராக்களின் எண்ணிக்கையிலும் இன்றைய தனியார் சேனல்களோடு பழையதை ஒப்பிடவே முடியாது. நான் வருந்துவது படம் மங்கலாக இருந்த காலம் போய்விட்டதற்காக அல்ல. காசில்லாதவனுக்கும் அந்தப் படம் கிடைத்த காலம் போனதற்காக.

கேள்வி: அப்படியானால் கேபிள்தான் எல்லாவற்றையும் கெடுத்ததா? எங்கள் ஊருக்கு அது எப்போது வந்தது என்பதே நினைவில்லை.
– தமிழ்க் குடும்பத்து வாசகர், பாறசாலை

பதில்: கேபிள்காரரைக் குறை கூற எனக்கு மனமில்லை. 1991-இல் வளைகுடாப் போரின் காட்சிகளும் ஸ்டார் அலைவரிசைகளும் செயற்கைக்கோள் வழியே வரத் தொடங்கியபின், நம் பக்கத்தில் தென்னைக்குத் தென்னை கறுப்பு ஒயர் கட்டி வீடு வீடாக இணைப்புக் கொடுத்தவர்கள் நம் ஊர் இளைஞர்களே. மழையில் அறுந்த ஒயரை இரவோடிரவாக ஒட்டித் தந்தார்கள். சந்தா பாக்கி வைத்த வீட்டுக்கும் ஆட்டம் நடக்கும் நாளில் இணைப்பைத் துண்டிக்காமல் விட்டார்கள்.

திருப்பம் நேர்ந்தது வேறு இடத்தில். அதுவரை கிரிக்கெட்டின் ஒளிபரப்பு உரிமை பொன் முட்டையிடும் வாத்து என்பதை வாரியமே முழுதாக உணர்ந்திருக்கவில்லை. 1993 நவம்பரில் ஹீரோ கோப்பை ஆட்டங்களின் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றபோது, தூர்தர்ஷனோடும் மத்திய அரசோடும் மோதல் மூண்டு நீதிமன்றம் வரை போயிற்று. ஈடன் கார்டன் அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் தேவைப்பட, டெண்டுல்கர் கடைசி ஓவரை வீசி மூன்றே ரன் கொடுத்தாரே, அதே தொடர்தான். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச்சொத்து என்றும், அவற்றில் அரசுக்கும் தனியாருக்கும் ஏகபோகம் இல்லை என்றும் தீர்ப்பளித்தது. பேச்சுரிமையின் நோக்கில் அது மிக உயர்ந்த தீர்ப்பு என்றே கருதுகிறேன். ஆனால் ஏகபோகம் உடைந்த இடைவெளியில் நுழைந்தது பெரும் பணம். விளையாட்டுக்கென்றே தனிச் சேனல்கள் பெருகத் தொடங்கின. பொதுச்சொத்தான வானிலிருந்து ஆட்டங்கள் ஒவ்வொன்றாகச் சந்தாச் சுவருக்குள் போயின.

கேள்வி: இந்தியா ஆடும் ஒருநாள் போட்டி தூர்தர்ஷனில் உண்டு என்று அறிவிக்கிறார்கள். எங்கள் கேபிளில் அந்தச் சேனலைத் திருப்பினால் ஆட்டம் வருவதில்லை. அருமனையில் என் மாமா வீட்டு இலவச டிஷ்ஷில் மட்டும் வருகிறது. கேபிள்காரர் ஏமாற்றுகிறாரா?
– கல்லூரி மாணவர், குலசேகரம்

பதில்: இல்லை, தம்பி. அவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். 2007-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, இந்தியா ஆடும் ஒருநாள், இருபது ஓவர் போட்டிகள் போன்ற தேசிய முக்கியத்துவமுள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பை, உரிமையை வாங்கிய தனியார் நிறுவனம் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்; விளம்பர வருவாயில் 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. ஐ.பி.எல். இந்தப் பட்டியலில் இல்லை. தூர்தர்ஷனின் சில சேனல்களைக் கேபிளில் கட்டாயம் தர வேண்டும் என்று வேறொரு சட்டமும் இருப்பதால், பகிரப்பட்ட ஆட்டம் கேபிளிலும் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது. அது உரிமையாளரின் சந்தா வருவாயைப் பாதிக்கிறது என்ற வழக்கில், 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பகிரப்படும் ஆட்டம் தூர்தர்ஷனின் தரைவழி (கூரை ஆன்டெனா) ஒளிபரப்பிலும் அதன் சொந்த இலவச டிஷ்ஷிலும் மட்டுமே வரலாம் என்று கூறிவிட்டது. உங்கள் கேபிளில் சேனல் இருந்தும் ஆட்டம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இதில் என்னை வருத்துவது அடுத்து நடந்தது. நீதிமன்றம் ஏழைக்கென விட்டுவைத்த இரண்டு வழிகளில் ஒன்றான தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள் 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பது 2004 டிசம்பரில் தொடங்கிய இலவச டிஷ் ஒன்றுதான். டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதச் சந்தா கிடையாது. உங்கள் மாமாவைப் போல் அதை வைத்திருப்பவர்கள், இந்தியா ஆடும் நாளில் பக்கத்து வீட்டாரையும் அழைத்து உட்காரவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் இன்னும் ஆன்டெனா நிற்கிறது. பழைய இரும்புக்குப் போடலாம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. வைத்திருப்பதால் பயன் உண்டா?
– வாசகி, கருங்கல்

பதில்: அலைகளைப் பிடிப்பதற்கு இனிப் பயனில்லை. முப்பது ஆண்டுத் துருவும் காற்றும் சேர்ந்தால் அது கூரை மேல் விழவும் கூடும். மின்கம்பி அருகே சென்றால் இன்னும் ஆபத்து. அடுத்த மழைக்கு முன்பு குச்சிகளைக் கழற்றி இறக்கிவிடுங்கள். கம்பத்தின் அடிப்பகுதி உறுதியாக இருந்தால் அதை மட்டும் விட்டுவையுங்கள். நம் பக்கத்தில் டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கவிட அதைவிட உயரமான இடம் கிடைக்காது, அம்மாவும் சம்மதிப்பார்.