மார்க்கா பள்ளத்தாக்கு: கிளம்புவதற்கு முன் சில கேள்விகள்

ஜூன் நெருங்கிவிட்டால் தில்லியில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து மார்க்கா பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வரும். லடாக்கில் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் ஊர் ஊராக நடந்து, கடைசியில் ஏறக்குறைய 5,200 மீட்டர் உயரமுள்ள கொங்மாரு லா கணவாயைத் தாண்டி இறங்கும் பாதை அது. வழியில் பெரும்பாலும் ஊர்க்காரர் வீடுகளிலேயே தங்கலாம், கூடாரம் சுமக்க வேண்டாம் என்பதால் பலருக்கும் இதன்மேல் ஒரு கண். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஷூவையும் ஜாக்கெட்டையும் பற்றியவை. அவற்றைக் கடைசிப் பக்கம் தள்ளிவிட்டு, லீவு கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

சனிக்கிழமை விமானத்தில் லே போய், அடுத்த ஞாயிறு திரும்ப வேண்டும். மொத்தம் 9 நாள். மார்க்கா முடியுமா? (மயூர் விஹார் வாசகர்)

காகிதத்தில் முடியும். சனி, ஞாயிறு, திங்கள் லேயில். செவ்வாய் சில்லிங் வரை வண்டி, அங்கிருந்து ஸ்கியு. புதன் மார்க்கா கிராமம், வியாழன் ஹங்கர், வெள்ளி நிமாலிங், சனி கணவாயைக் கடந்து ஷாங் சும்தோ, ஞாயிறு விமானம். ஒரு நாள்கூட மிச்சமில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

இந்தப் பாதையில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், இரவு எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்று பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. லே 3,500 மீட்டர். ஸ்கியு அதைவிடச் சற்றுத் தாழ்வு. மார்க்கா கிராமம் சுமார் 3,800, ஹங்கர் சுமார் 4,000. இதுவரை சாது. அடுத்து நிமாலிங், சுமார் 4,800! ஒரே நாளில் 800 மீட்டர் எகிறுகிறது. நன்றாக நடந்து வந்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அங்கேதான். நடுவில் தச்சுங்சே என்ற இடத்தில் ஓர் இரவு தங்கினால் ஏற்றம் இரண்டாகப் பிரிந்துவிடும். அதற்கு ஒரு நாள் வேண்டும். திரும்பும்போது லேயில் கைவசம் இன்னொரு நாள் வேண்டும். வானிலை கெட்டால் லே விமானம் ரத்தாவது புதிதல்ல. ஆக, 11 நாள். ஆபீஸில் இரண்டு நாள் கூடுதலாகக் கேளுங்கள்.

கிடைக்கவில்லையா? அப்போது மார்க்கா கிராமம் வரை போய் வந்த வழியே திரும்புங்கள். இல்லையென்றால் லிக்கிரிலிருந்து தெமிஸ்கம் வரை போகும் ஷாம் பள்ளத்தாக்கு நடை இருக்கிறது. கணவாய்களும் தாழ்வு, சாலையும் பக்கம். தில்லியிலிருந்து ரயிலில் டேராடூன் போய், அங்கிருந்து சாங்க்ரி வழியாக ஹர் கி தூன் போவதும் நல்ல யோசனை. அங்கே உச்ச உயரமே 3,500 மீட்டரை ஒட்டித்தான், ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மழையில் வேண்டாம்.

விமானத்தில் போகாமல் சாலை வழியாகப் போனால் உடம்பு பழகிவிடும் என்கிறார்களே? (முனிர்கா)

எந்தச் சாலை என்பதைப் பொறுத்தது. ஸ்ரீநகர் வழியாகப் போனால் உண்மைதான்: ஸ்ரீநகரில் ஓர் இரவு, சுமார் 2,700 மீட்டரில் இருக்கும் கார்கிலில் ஓர் இரவு, அப்புறம் லே. மணாலி வழி அப்படியல்ல. 5,300 மீட்டரைத் தொடும் தங்லங் லா கணவாய் அந்தப் பாதையில் வருகிறது. 4,300 மீட்டர் அளவில் உள்ள சர்ச்சு கூடாரங்களில் தூங்க வைத்தால் லே போய்ச் சேருமுன்பே காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடுவீர்கள். அந்த வழிதான் என்றால் இரவுக்கு கேலாங் அல்லது ஜிஸ்பாவில் நில்லுங்கள். எப்படிப் போனாலும் லேயில் இரண்டு இரவு கட்டாயம், விமானத்தில் போனால் மூன்று.

மலைநோய் மாத்திரையான டயமாக்ஸ் போட்டுக்கொண்டால் இந்த ஓய்வு நாட்களைக் குறைக்கலாமா? ஆக்ஸிமீட்டர் வாங்க வேண்டுமா? (துவாரகா)

குறைக்க முடியாது. அந்த மாத்திரை உடம்பு பழகுவதை வேகப்படுத்தும், பழகுவதற்கு மாற்று ஆகாது. வழக்கமான முன்தடுப்பு அளவு 125 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. கடையில் 250 மி.கி. மாத்திரையாகக் கிடைத்தால் பாதியாக உடைக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாம்.

ஆக்ஸிமீட்டர் இருந்தால் இருக்கட்டும், ஆனால் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்த விரலில் அது எதையாவது காட்டும். தலைவலியோடு குமட்டலோ சாப்பாட்டில் வெறுப்போ சேர்ந்தால் உயரத்தால் வரும் மலைநோய் என்றே எடுத்துக்கொண்டு, சரியாகும் வரை மேலே ஏறாதீர்கள். நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவானாலும் இறங்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, குழுத் தலைவர்களே இதில் விழுவதுண்டு. நிமாலிங்கில் ஒருவருக்கு முடியவில்லை என்றால், "கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் ரோடு, எப்படியாவது தாண்டிவிடலாம்" என்று தோன்றும். தாண்டுவதற்கு இன்னும் 400 மீட்டர் மேலே ஏற வேண்டும், காற்றில் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியளவுக்கு வந்துவிடும். ரோடு தூரமானாலும் ஹங்கர் பக்கம் திரும்புவதே சரி. சுமை கொண்டுவரும் குதிரைக்காரரிடம் இதை முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கூட வருவேன் என்று அடம். (ஆர்.கே. புரம்)

வயது தடையில்லை. உயரத்தில் ரத்த அழுத்தம் பலருக்கு ஏறும், அதனால் டாக்டரிடம் எத்தனை மீட்டர், எத்தனை இரவு என்று எழுதிக்காட்டிக் கேளுங்கள். "மலைக்குப் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவர் முசூரியை நினைத்துக்கொண்டு சரி என்பார். நெஞ்சுவலி வந்தவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இந்தப் பாதை வேண்டாம். அப்பாவுக்குப் பிரஷர் கட்டுக்குள் இருந்து, டாக்டரும் ஒத்துக்கொண்டால், ஷாம் பள்ளத்தாக்கை அவரோடு நடந்து பாருங்களேன்.

தினமும் மலை மந்திர் படி ஏறுகிறேன், போதுமா? (அதே ஆர்.கே. புரம், வேறொருவர்)

முருகன் கோபிக்க மாட்டார், ஆனால் போதாது. வாரத்தில் மூன்று நாள், முதுகில் ஏழெட்டுக் கிலோவோடு, உங்கள் ஃப்ளாட் மாடிப்படியை முக்கால் மணி நேரம் ஏறி இறங்குங்கள். இறங்குவதை விட்டுவிடாதீர்கள், கணவாயிலிருந்து ஷாங் சும்தோவுக்கு இறங்கும் நாளில் முட்டிதான் முதலில் புலம்பும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட நடை. உடல் தயாராக இருந்தால் களைப்பு குறையும், மலைநோயை அது தடுக்காது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும்.

சாப்பாடு, கழிப்பறை? (குருகிராம், நேராகக் கேட்டதற்கு நன்றி)

காலையில் ரொட்டி, மதியத்துக்குப் பொட்டலம், இரவில் சோறும் பருப்பும் அல்லது துக்பா என்ற நூடுல்ஸ் சூப். சைவர்களுக்குக் கஷ்டமில்லை. உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. வீடுகளில் குக்கர் இருக்கிறது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். நாலாவது நாள் நாக்கு செத்துப்போகும்போது அதுதான் சோற்றை உள்ளே இறக்கும். கொதிக்கவைத்த தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள்.

கழிப்பறை உலர் முறை, தரையில் ஒரு துளை மட்டும். முடிந்ததும் பக்கத்தில் குவித்திருக்கும் மண்ணை அள்ளிப் போட வேண்டும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்தக் கழிவுதான் வயலுக்குப் போகும் உரம்.

ஆகஸ்டில் தில்லி மாதிரி அங்கும் மழையா? (லட்சுமி நகர்)

லடாக் மழைமறைவுப் பிரதேசம். லேயில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 100 மி.மீ. அளவில்தான். ஆனால் 2010 ஆகஸ்டில் ஒரே இரவு மேகவெடிப்பில் லேயில் எத்தனையோ உயிர் போயிற்று. வறண்ட ஓடைப் படுகையில் கூடாரம் போடக்கூடாது. மழையே இல்லாவிட்டாலும் பனி உருகி மதியத்துக்குப் பின் ஆறு பெருகும். பாலம் இல்லாத இடங்களைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

ஷூ, ஜாக்கெட்? (பலர்)

கணுக்காலை மூடும் பழகிய ஷூ, புதிது வேண்டாம். நிமாலிங்கில் கோடை இரவிலும் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், அதற்கொரு இறகு அடைத்த டவுன் ஜாக்கெட். சரோஜினி நகரில் தேடினால் சில நேரம் நல்லது மாட்டும்.

போன் கிடைக்குமா? (மயூர் விஹார்)

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் போனால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் கொண்டுபோவது நம் நாட்டில் குற்றம். வெளிநாட்டிலிருந்து நண்பர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பவர் பேங்க் கைப்பையில், சமையல் கேஸ் குப்பி விமானத்தில் கூடவே கூடாது. எந்த ஊரில் எந்த இரவு என்று எழுதி ஒரு பிரதி வீட்டிலும், ஒன்று லேயில் தங்கும் விடுதியிலும் கொடுங்கள். திரும்பும் தேதியோடு ஒரு நாள் கூட்டி எழுதுங்கள், இல்லையென்றால் அம்மா முதல் சாயங்காலமே போலீஸுக்குப் போன் போட்டுவிடுவார்.