டிஸ்னிலேண்டா, யுனிவர்சலா? பர்சனல் லோன் எடுத்துப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். கணவர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், நான் தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து கைக்கு 86,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 21,500, எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 8,000, குடும்பச் செலவு எல்லாம் போக மாதம் 15,000 மிஞ்சும். அவசரத்துக்கு 1.4 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது. தீபாவளி போனஸ் 60,000 வரும். மகனுக்குப் போன மாதம் 11 வயது முடிந்தது, உயரம் 138 செ.மீ. மகளுக்கு நான்கரை வயது, 101 செ.மீ. வரும் மே மாதம் வெளிநாட்டு தீம் பார்க் ஒன்றுக்குப் போக ஆசை. மகன் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்கிறான், மகள் 'ஃப்ரோசன்' படத்து எல்சாவைப் பார்க்க ஹாங்காங் டிஸ்னிலேண்ட் என்கிறாள். சென்னையிலிருந்து நான்கு இரவு பேக்கேஜுக்கு டிராவல் ஏஜென்ட் சொன்ன விலை: சிங்கப்பூர் 3.12 லட்சம், ஹாங்காங் 3.84 லட்சம். வங்கி 14% வட்டியில் 3 லட்சம் பர்சனல் லோன் இரண்டு வருடத்துக்குத் தருகிறது. எது சரி?

பதில்: சிங்கப்பூர் போங்கள். ஆனால் இந்த மே வேண்டாம், அடுத்த மே. லோன் வேண்டவே வேண்டாம்.

முதலில் பார்க்குகளைப் பார்ப்போம். சிங்கப்பூர் யுனிவர்சலில் ஒரு நாள் நுழைவுக்குப் பெரியவருக்கு 80 சிங்கப்பூர் டாலருக்கு மேல், சிறுவருக்கு 60 டாலருக்கு மேல் ஆகும். உங்கள் நால்வருக்கும் கூட்டினால் ஏறத்தாழ 20,000 ரூபாய். ஹாங்காங்கில் தேதிக்குத் தேதி விலை மாறும். கூட்டம் குறைந்த நாளிலேயே நால்வருக்கு 25,000-ஐத் தாண்டும். அதாவது பார்க்குக்கும் பார்க்குக்கும் உள்ள வித்தியாசம் சில ஆயிரம்தான், ஆனால் உங்கள் கையில் இருக்கும் இரண்டு விலைக்கும் நடுவே 72,000 ரூபாய் இருக்கிறது. அந்தப் பணம் விமானத்திலும் ஓட்டலிலும் காரிலும் ஏஜென்ட் கமிஷனிலும் போகிறது. ஆகவே இரண்டு பார்க்குகளை ஒப்பிடுவது என்றால் இரண்டு பயணங்களை ஒப்பிடுவதுதான்.

அந்தக் கணக்கில் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் விமானம் நேராகப் போகிறது. ஹாங்காங்குக்குக் கோவையிலிருந்து நேரடி விமானம் இல்லை, சென்னை அல்லது வேறு ஊர் போய்த்தான் ஏற வேண்டும். ஏஜென்ட் இரண்டுக்குமே சென்னை விலையைச் சொல்லியிருக்கிறார். சென்னைக்கு நால்வர் போய் வரும் ரயில் செலவு, ஏர்போர்ட் டாக்ஸி, தேவைப்பட்டால் ஒரு ராத்திரி தங்கல், இதெல்லாம் அவர் சொன்ன விலையில் இருக்காது. கோவை விலையைத் தனியாகக் கேளுங்கள். ஸ்கூட் பட்ஜெட் விமானம் என்பதையும் மறக்க வேண்டாம். அடிப்படை டிக்கெட்டில் 10 கிலோ கைப்பை மட்டும்தான், லக்கேஜுக்கும் சாப்பாட்டுக்கும் தனிக்காசு. நால்வருக்கு இரண்டு பெரிய பெட்டி போதும். லக்கேஜை டிக்கெட் போடும்போதே சேர்த்துவிடுங்கள், கவுண்டரில் போய்க் கட்டினால் அதிகம் கேட்பார்கள்.

அடுத்தது பிள்ளைகளின் உயரம். பலர் இதைக் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டு, அங்கே போய் அளவுகோலுக்குப் பக்கத்தில் அழும் குழந்தையைத் தேற்றிக்கொண்டு நிற்கிறார்கள். யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. வேண்டும், ஜுராசிக் பார்க் தண்ணீர் ரைடுக்கு 107, மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா கோஸ்டருக்கு 125. உங்கள் மகன் எல்லாவற்றிலும் ஏறலாம். மகள் இப்போது டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கே ஒரு சென்டிமீட்டர் குறைவு. இந்த வயதில் குழந்தைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள் என்பதால், அடுத்த மே மாதம் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் உங்களோடு உட்காருவாள், ஜுராசிக்கிலும் அநேகமாக ஏறிவிடுவாள். ஒரு வருடம் தள்ளிப்போவதால் அதே டிக்கெட்டுக்கு அவளுக்குக் கூடுதலாக ரைடு கிடைக்கிறது.

மகன் விஷயத்தில் தள்ளிப்போட்டால் நஷ்டம் வருமா என்று பார்த்தேன். ஹாங்காங்கில் 3 முதல் 11 வயது வரைதான் சிறுவர் டிக்கெட், அடுத்த மே மாதம் அவனுக்கு 12 என்பதால் அங்கே பெரியவர் விலை கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் யுனிவர்சலில் 4 முதல் 12 வயது வரை சிறுவர் விலை, அதனால் அடுத்த மே மாதமும் அவனுக்குச் சிறுவர் டிக்கெட்டே போதும்.

உங்கள் மகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கைந்து வயதுப் பெண் குழந்தைக்கு ஹாங்காங் டிஸ்னிலேண்ட்தான் பொருத்தம். 2023 நவம்பரில் அங்கே ஃப்ரோசன் உலகத்தைத் திறந்தார்கள், அந்தப் படத்துக்கென்று தனிப் பகுதி உலகிலேயே முதலில் வந்தது அங்கேதான். அதிலுள்ள சறுக்கு வண்டி கோஸ்டருக்கு 95 செ.மீ. போதும், இப்போதே அவள் ஏறலாம். கோட்டைக்குப் பின்னால் இருக்கும் சிறுவர் ரைடுகளில் பெரும்பாலும் உயரக் கட்டுப்பாடே இல்லை. மறுபக்கம் 11 வயதுப் பையன் அங்கே மதியத்துக்குள் முக்கியமானதை முடித்துவிட்டு 'அடுத்து என்ன' என்று கேட்பான். சிங்கப்பூரில் மகளுக்கு எல்சா இல்லை, ஆனால் 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் இருக்கிறது. பார்க்குக்கு வெளியேயும் காசில்லாமல் காட்ட நிறைய உண்டு. கார்டன்ஸ் பை த பேயில் இரவு நேர ஒளிக்காட்சி, சாங்கி ஜுவலில் உள்ளரங்க அருவி, மெர்லயன் சிலை, எதற்கும் டிக்கெட் கிடையாது. ஏழு லட்ச ரூபாய் இருந்தால் இரண்டுக்கும் போகலாம். இருப்பது இவ்வளவுதான் என்னும்போது நால்வருக்கும் நாள் முழுக்க வேலை இருக்கும் இடத்தைத்தான் நான் சொல்வேன்.

இப்போது லோன். 3 லட்சத்துக்கு 14%, 24 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 14,400. மொத்தம் கட்டுவது 3.45 லட்சத்துக்கு மேல். வட்டி மட்டும் 45,000 ரூபாயைத் தாண்டுகிறது, பிராசஸிங் கட்டணம் தனி. அதாவது உங்கள் யுனிவர்சல் டிக்கெட் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வங்கிக்குப் போகிறது. என் கவலை வட்டி மட்டும் இல்லை. உங்களிடம் இருக்கும் 1.4 லட்சம் எஃப்.டி. இரண்டு மாதச் செலவுக்குக்கூட முழுதாகக் காணாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50% ஆக்கியபோது திருப்பூர் எப்படித் தவித்தது என்று உங்கள் வீட்டுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆர்டர் குறைந்து ஒரு மாதம் சம்பளம் தள்ளினால், வீட்டுக் கடனோடு இந்த 14,400-ம் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். அதே பணத்தை ஆர்.டி.யில் (மாதாமாதம் வங்கியில் கட்டும் சேமிப்பு) போட்டிருந்தால் பாதியில் நிறுத்திப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம், வட்டியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இ.எம்.ஐ.யை அப்படி நிறுத்த முடியாது. போய் வந்துவிட்ட பயணத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவது மனதுக்கும் பாரம். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று ஏஜென்ட் சொன்னால், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, பணம் எப்படிச் சேரும்? மிஞ்சும் 15,000-ஐ இந்த மாதமே 12 மாத ஆர்.டி.யில் போடுங்கள். 6.5% வட்டி என்று வைத்தால் ஓராண்டில் சுமார் 1.86 லட்சம். தீபாவளி போனஸ் 60,000-ஐ அப்படியே விமான டிக்கெட்டுக்கு ஒதுக்குங்கள். ஆர்.டி. முடிந்த பிறகு மே வரை மூன்று மாத மிச்சம் 45,000. மொத்தம் 2.9 லட்சம். கோவையிலிருந்து கிளம்பி, ஓட்டலை நீங்களே பதிவு செய்தால் இந்தத் தொகைக்குள் முடிக்கலாம். எஸ்.ஐ.பி.யையும் எஃப்.டி.யையும் தொடக் கூடாது. திரும்பி வந்ததும் அதே 15,000-ஐ நிறுத்தாமல் அவசர நிதிக்குத் திருப்பிவிடுங்கள்.

இந்த மே பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம். கொச்சி வொண்டர்லாவுக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இள்ளலூரிலும் 2025 டிசம்பரில் ஒன்று திறந்திருக்கிறார்கள், ஆனால் உங்களுக்குக் கொச்சிதான் கிட்டம். வெயிலில் வரிசையில் நிற்க மகளுக்கு எவ்வளவு நேரம் பொறுமை இருக்கிறது, மகன் பெரிய ரைடில் உண்மையிலேயே ஏறுகிறானா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். யுனிவர்சலில் வரிசையைத் தாண்டிப்போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா என்ற முடிவுக்கு அது உதவும். அந்த பாஸ் விலை நாளுக்கு நாள் மாறும், நால்வருக்கும் வாங்கினால் பட்ஜெட் தாங்காது.

தேதிதான் அதற்கு நல்ல மாற்று. சிங்கப்பூர் பள்ளிகளுக்கு மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு லீவு, அங்கே பள்ளி நடக்கிறது என்ற இடைவெளி மே முதல் மூன்று வாரங்கள். அதில் ஒரு செவ்வாயோ புதனோ, காலை கதவு திறக்கும்போதே நின்றீர்கள் என்றால் பாஸ் இல்லாமலே சமாளிக்கலாம். சிங்கப்பூர் பொது விடுமுறை நாள் ஏதும் குறுக்கே வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். (ஹாங்காங் போகிறவர்கள் மே முதல் வாரத்தைத் தவிர்க்க வேண்டும், சீனாவில் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் அங்கே வந்து குவியும்.)

தங்குவதற்கு லிட்டில் இந்தியா அல்லது ஃபாரர் பார்க் பக்கம் பாருங்கள். அங்கிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே எம்.ஆர்.டி. ரயில், மாறவே வேண்டாம். இறங்கினால் விவோசிட்டி மால், அங்கிருந்து செந்தோசா தீவுக்கு மோனோரயில் உண்டு, நடைபாதையில் நடந்தும் போகலாம். ஏஜென்ட் பேக்கேஜில் பார்க்குக்குப் போய்வரத் தனிக் கார் போட்டிருப்பார். அதை நீக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கும் சிராங்கூன் சாலை பக்கத்திலேயே இருக்கும்.

சிங்கப்பூருக்கு நால்வருக்கும் விசா வேண்டும், தலைக்கு 30 சிங்கப்பூர் டாலரும் ஏஜென்ட் கட்டணமும். ஹாங்காங்குக்கு ஆன்லைனில் இலவச முன்பதிவு போதும், அந்த வகையில் அது மலிவு. ஒருவேளை முழு பேக்கேஜாகவே வாங்கினால் ஏஜென்ட் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். யாருக்கு வரி கட்ட வேண்டி வருகிறதோ அவருடைய பான் எண்ணைக் கொடுங்கள்.

அங்கே போய் கிரெடிட் கார்டு தேய்ப்பதிலும் கவனம் வேண்டும். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5%, அதன் மேல் ஜி.எஸ்.டி. 18%. 80,000 ரூபாய் செலவழித்தால் 3,300 ரூபாய் வீண். ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் டாலராக ஏற்றிக்கொண்டு போங்கள். கடையில் மெஷின் 'ரூபாயிலா, டாலரிலா' என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் கழிப்பார்கள்.

பாஸ்போர்ட்டுகளையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும், மகனுடையது முடிகிற நேரமா என்று பார்த்து, டிக்கெட் போடுவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.