ஸ்கூபா தெரிந்த ஒருவர் கோவையில் இருந்தபடியே ஃப்ரீ டைவிங்கும் நீருக்கடியில் புகைப்படம் எடுப்பதும் கற்க முடியுமா?

முடியும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஃப்ரீ டைவிங், அதாவது சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குவது, முதலில் உடலுக்குப் பழகட்டும். அதுவரை கேமரா வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். நான் கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துபவன். ஸ்கூபாவில் காற்று சிலிண்டருடன் மூழ்கிப் பழகிய பின்னரே சிலிண்டர் இல்லாமல் மூழ்கக் கற்றவன் என்பதால், உங்கள் நிலையில் இருப்பவருக்கு எது உதவும், எது இடறும் என்பதைச் சொல்ல முடியும்.

ஸ்கூபாவில் நமக்கு முதலில் கற்பிக்கப்படுவது மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதுதான். ஆழத்தில் அழுத்தத்துடன் உள்ளிழுத்த காற்று, மேலே வரும்போது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். ஃப்ரீ டைவிங்கில் நீர்மட்டத்தில் இழுத்த காற்றே 10 மீட்டரில் பாதியாகவும் 30 மீட்டரில் கால் பங்காகவும் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புவதால் அந்த ஆபத்து இல்லை. கீழே இருக்கும் ஸ்கூபா நண்பரின் ரெகுலேட்டரிலிருந்து (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) ஆசைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, அதை அடக்கியபடி மேலேறினால் மட்டும் அந்த ஆபத்து முழுமையாகத் திரும்பி வந்துவிடும்.

காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்வதில்தான் ஸ்கூபாக்காரர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். மூக்கைப் பிடித்து மார்பிலிருந்து காற்றைத் தள்ளும் வால்சால்வா முறை, தலை மேலிருக்க மெல்ல இறங்கும் ஸ்கூபாவுக்குப் போதுமானது. தலைகீழாக விரைந்து இறங்கும்போது, நுரையீரலும் சுருங்கிக்கொண்டே வருவதால், அது சில மீட்டர்களிலேயே கைவிட்டுவிடும். தொண்டையை மூடிக்கொண்டு நாக்கின் பின்பகுதியால் வாயிலுள்ள காற்றைத் தள்ளும் ஃபிரென்சல் முறையைத்தான் பழக வேண்டும். இதற்குக் கடல் தேவையில்லை. கண்ணாடி முன் நாற்காலியில் அமர்ந்தே பழகலாம். ஆனால் அதிகமாக அழுத்தித் தள்ளக் கூடாது.

மூச்சு வாங்க வேண்டும் என்ற தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது உடலில் சேரும் கரியமில வாயுவே தவிர, ஆக்ஸிஜன் குறைவு அன்று. மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் ஆக்ஸிஜன் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை; கரியமில வாயுதான் குறைந்து, எச்சரிக்கை மணியை அணைத்துவிடுகிறது. மேலேறும்போது அழுத்தம் குறையக் குறைய ஆக்ஸிஜனின் பகுதியழுத்தமும் (மொத்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனின் பங்கு) சரிவதால், நினைவிழப்பு பெரும்பாலும் கடைசிச் சில மீட்டர்களிலோ, நீர்மட்டத்துக்கு வந்த பிறகோதான் நேர்கிறது. ஆகவே ஒருவர் மூழ்க மற்றவர் மேலிருந்து பார்க்க வேண்டும். மேலே வந்தவரை மேலும் அரை நிமிடமாவது கண்ணெடுக்காமல் கவனிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கும் படகில் கயிறு பிடிக்க ஓர் ஆள் இருந்தார். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று மச்சானையே அந்த வேலைக்கு வைப்பார்களாம். உண்மையோ கதையோ, தேர்வு முறை சரியானது.

இனி நம் ஊர் விஷயம். கொங்கு நாட்டில் நீந்தத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கிணற்றில் கற்றவர்கள். ஆழமான கிணறு தோட்டத்திலேயே இருக்கும்போது எதற்காகக் கடலுக்குப் போக வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். அடியில் வெளிச்சம் இராது, மோட்டார்க் குழாயும் கயிறும் ஒயரும் தொங்கும், நினைவிழந்த ஒருவரை அந்தச் செங்குத்துச் சுவர்களுக்கிடையிலிருந்து மேலே தூக்குவது இரண்டு பேரால் ஆகிற காரியமன்று. வாய்க்காலும் அணையும் அதைவிட மோசம். நகரத்து நீச்சல் குளத்தில், மேலாளரிடம் அனுமதி பெற்று, துணையுடன் தலைகீழாக இறங்கும் முறையையும் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) வீச்சையும் பழகலாம். மற்றதை முறையான பயிற்றுநரிடம் கடலில் கற்க வேண்டும்: கொச்சி வழியாக லட்சத்தீவு, கர்நாடகத்தின் நேத்ராணி தீவு, புதுச்சேரி, அந்தமான் என இடங்கள் உண்டு. ஸ்கூபா செய்த அன்றே மூச்சடக்கி மூழ்க வேண்டாம்; உடலில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும், ஒரு நாள் விடுங்கள். கொச்சியில் ஸ்கூபா முடித்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை திரும்புவதில் சிக்கலில்லை, உயரம் குறைவு. அப்படியே 2,200 மீட்டர் உயர ஊட்டிக்கு வண்டியை விடுவது விமானத்தில் ஏறுவதற்குச் சமம்: உயரே அழுத்தம் குறைவதால் மிச்ச நைட்ரஜன் உடலில் குமிழிகளாகிவிடக்கூடும்.

கேமராவுக்கு வருவோம். குமிழிச் சத்தம் இல்லாததால் மீன்கள் உங்களை அருகில் விடும் என்பது ஃப்ரீ டைவிங்கின் பெரிய லாபம். நேரம் இல்லை என்பது அதன் விலை. எதை, எந்தக் கோணத்தில் எடுப்பது என்பதை மேலிருக்கும்போதே முடிவு செய்து, ஷட்டர் வேகத்தையும் அங்கேயே அமைத்துவிட்டு, ஒரு முழுக்குக்கு ஒரு படம் என்று போக வேண்டும். இறங்கும்போது ஒரு கை மூக்கில் இருக்கும். ஆகவே ஒற்றைக் கையில் அடங்கும் கேமராதான் உதவும். பெரிய ஃபிளாஷ் கரங்கள் நீரில் இழுவையைக் கூட்டுவதோடு மூச்சையும் தின்றுவிடும். திரையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் கழுத்து நீண்டு காது அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடுவதால், ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பவர் ஐந்தாறு மீட்டருக்குள்ளேயே, சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) சேமித்தால் நிறத்தைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். மாஸ்க் வழியே பொருள்கள் கால் பங்கு அருகில் இருப்பதாகத் தோன்றும் என்பதால், போதும் என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் நெருங்குங்கள். கோப்ரோவின் பெரும்பாலான புதிய மாடல்கள் நீர்புகா உறையில்லாமல் 10 மீட்டர் வரையும், ஒலிம்பஸ் டிஜி-6 15 மீட்டர் வரையும் தாங்கும். தொடங்குபவருக்கு அதற்குமேல் தேவையில்லை. உறை வாங்கினால், பம்ப் தொழில் ஊர்க்காரருக்கு ஓ-ரிங்கைப் பற்றி (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சொல்லத் தேவையில்லை: ஒரு முடியோ மணல் துகளோ போதும், கேமரா போய்விடும். முதல் முறை கேமராவை வைக்காமல் வெறும் உறையில் டிஷ்யூ காகிதம் போட்டு இறக்கிப் பாருங்கள்.