சி மேக்ரோவுக்குள் அறிவித்த அரேயின் முகவரியை வெளியே பயன்படுத்தினால் ஏன் குப்பை வருகிறது?

கேள்வியில் உள்ள மேக்ரோ (கம்பைல் ஆகும் முன் கோடில் அப்படியே விரியும் சுருக்கப் பெயர்), நெளிவு அடைப்புக்குள் 64 பைட் அரே ஒன்றை அறிவித்து, இரண்டு பெயர்களை ஒட்டி அதில் நிரப்பி, அதன் முகவரியை வெளியே இருக்கும் பாயிண்டரில் (முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) போடுகிறது. டீபக் பில்டில் சரியாக அச்சாகிறது, ஓ2 (கோடை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன் ஆப்ஷன்) கொடுத்தால் குப்பை. "ஆப்டிமைசரில் பிழையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, பிழை அந்த அடைப்பில் இருக்கிறது. அரேயின் ஆயுள் மூடும் அடைப்போடு முடிந்துவிடுகிறது. எந்த ஃபங்ஷனும் ரிட்டர்ன் ஆகவில்லையே, ஸ்டாக் ஃபிரேம் (ஃபங்ஷனின் உள் வேரியபிள்கள் இருக்கும் நினைவகப் பகுதி) அப்படியேதானே இருக்கிறது என்று தோன்றும். ஃபிரேம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த 64 பைட்டை அடுத்த பிளாக்கின் வேரியபிள்களுக்குக் கொடுக்க கம்பைலருக்கு முழு உரிமை உண்டு. இனி யாரும் படிக்கப்போவதில்லை என்று நீங்கள் நிரப்பிய எழுத்துகளை எழுதாமலே விட்டுவிடவும் செய்யலாம். டீபக் பில்டில் பழைய பைட்டுகள் கலையாமல் கிடந்ததால் தப்பித்தீர்கள். ஜிசிசி கம்பைலரில் அட்ரஸ் சானிடைசர் (தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கருவி) போட்டு ஓட்டினால், 'ஸ்டாக் யூஸ் ஆஃப்டர் ஸ்கோப்' என்று வரி எண்ணோடு காட்டிவிடும்.

அரேயை மேக்ரோவை அழைப்பவரே அறிவித்து, அதையும் அதன் அளவையும் மேக்ரோவுக்குக் கொடுப்பதுதான் நல்ல வழி. சி99 தரத்தில் உள்ள காம்பவுண்ட் லிட்டரலும் (பெயரில்லாமல் அந்த இடத்திலேயே உருவாக்கும் அரே) உதவும்: மேக்ரோ தனி பிளாக்காக இல்லாமல் வெறும் எக்ஸ்பிரஷனாக விரிந்தால், லிட்டரலின் ஆயுள் அழைத்தவரின் பிளாக் வரை நீளும். ஆனால் அடைப்பு போடாத இஃப்புக்குக் கீழே அதை எழுதினால் பழைய கதைதான். அந்த ஒற்றை வரியையே சி99 ஒரு பிளாக்காகக் கருதுகிறது.

ஸ்கோப் (ஒரு பெயர் செல்லுபடியாகும் எல்லை) பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் நான் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். இரண்டு பஃபர் பாயிண்டர்களை மாற்றிப்போட ஒரு மேக்ரோ வைத்திருந்தோம், உள்ளே இருந்த வேரியபிளின் பெயர் டெம்ப். அழைத்த இடத்தில் ஒரு பஃபரின் பெயரும் டெம்ப், மற்றதன் பெயர் முன். அது இப்படி விரிந்தது:

சார் *டெம்ப் = டெம்ப்;
டெம்ப் = முன்;
முன் = டெம்ப்;

முதல் வரியில் இரண்டு டெம்ப்பும் உள்ளே இருக்கும் புதிய டெம்ப்தான். தன்னையே தனக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுத்துக்கொள்கிறது. மூன்றாவது வரி, முன்னில் இருந்ததை முன்னுக்கே திருப்பித் தருகிறது. வெளியே இருக்கும் டெம்ப்பை யாரும் தொடவே இல்லை. கிராஷ் இல்லை, வார்னிங் இல்லை. இரண்டு பாயிண்டர்களும் இடம் மாறாமல், பழைய தரவையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தோம்.

மேக்ரோக்களை விரிக்கும் ப்ரீபிராசசருக்கு ஸ்கோப் என்றால் என்னவென்றே தெரியாது. சொற்களை ஒட்டிவிட்டுப் போய்விடும். அந்தப் பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்பது, மேக்ரோவை எழுதிய இடத்தில் அல்ல, அது விரிந்த இடத்தில்தான் முடிவாகிறது. ஜிசிசியில் 'மைனஸ் பெரிய ஈ' கொடுத்து விரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. உள் பெயர் வெளிப் பெயரை மறைத்தால் சொல்லும் 'டபிள்யூ ஷேடோ' வார்னிங்கைத் தனியாக இயக்குங்கள். வழக்கமான வார்னிங்குகளை மொத்தமாக இயக்கும் 'டபிள்யூ ஆல்' அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. உள் வேரியபிளுக்கு மேக்ரோவின் பெயரையே முன்னொட்டாக வைத்தால் மோதல் பெரும்பாலும் வராது. முடிந்த இடங்களில் நான் மேக்ரோவை விட்டுவிட்டு ஸ்டாட்டிக் இன்லைன் ஃபங்ஷனுக்கே போய்விடுகிறேன்.

நீங்கள் கடைசியாகக் காட்டிய, நினைவகத்தை ஃப்ரீ செய்துவிட்டு (திருப்பிக் கொடுத்துவிட்டு) பாயிண்டரில் நல் (எதையும் காட்டாத மதிப்பு) வைக்கும் மேக்ரோவையும் கவனியுங்கள். அது ஆர்குமென்டை இரண்டு முறை எழுதுகிறது. இன்டெக்ஸுக்குள் ஐ பிளஸ் பிளஸ் (ஐயை ஒன்று கூட்டுவது) கொடுத்தால், ஓர் உறுப்பை ஃப்ரீ செய்துவிட்டு அடுத்த உறுப்புக்கு நல் வைக்கும். முதலாவது, ஃப்ரீ செய்த இடத்தையே காட்டும் தொங்கும் பாயிண்டராக நிற்கும், இரண்டாவதன் நினைவகம் கசியும். ஐ பிளஸ் பிளஸ்ஸைத் தனி வரிக்குக் கொண்டுபோங்கள். அப்படிச் செய்தாலும், அதே இடத்தைக் காட்டும் வேறு பாயிண்டர் எங்காவது இருந்தால், அதற்கு நல் வைக்க இந்த மேக்ரோவால் முடியாது.